குடியும் மனநோயும் ஒரே ஆளுக்கு இருந்தால்: வீட்டில் உள்ளவர்கள் கேட்கும் கேள்விகள்

என் அண்ணனுக்கு இருமுனைக் கோளாறு (பைபோலார் என்பார்கள்: சில காலம் மனது அளவுக்கு மீறி எழுச்சியாக ஓடும், சில காலம் ஒரேயடியாகச் சோர்ந்துவிடும்), கூடவே குடி. இரண்டையும் சேர்த்து ஒரே இடத்தில் பார்க்க ஆள் கிடைக்காமல் எங்கள் குடும்பத்துக்கு நான்கு வருஷம் போனது. மனநல டாக்டரிடம் கூட்டிப்போனால் "முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்றார்கள், போதை மீட்பு மையத்தில் கொண்டுபோய் விட்டால் "இவருக்கு மனநோய் இருக்கிறது, எங்களால் வைத்துக்கொள்ள முடியாது" என்று மூன்றாம் நாளே போன் வந்தது. அப்புறம்தான் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். அந்த ஓ.பி. வரிசையில் பழக்கமானவர்கள், அவர்கள் சொல்லி போன் செய்கிறவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் இதை எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதவில்லை, அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டும் ஒரே ஆளுக்கு வருமா? ஒன்றைத்தான் நாம் இரண்டாக நினைத்துக்கொள்கிறோமா?

வரும், நாம் நினைப்பதைவிட அதிகமாகவே வரும். அமெரிக்காவில் 20,000 பேருக்கு மேல் விசாரித்து 1990இல் வெளியான ஆய்வில், குடி நோயாகிவிட்டவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநோயும் இருந்திருக்கிறது. மறுபக்கமிருந்து பார்த்தால் இன்னும் அதிகம்: மனச்சிதைவு (ஸ்கிஸோஃப்ரினியா, இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது போன்ற நோய்) உள்ளவர்களில் 47 சதவீதம் பேருக்கும், இருமுனைக் கோளாறின் கடுமையான வகை உள்ளவர்களில் 60 சதவீதம் பேருக்கும் குடியோ வேறு போதையோ சேர்ந்திருக்கிறது. இந்த எண்களைப் படித்த அன்றைக்குத்தான் "நம் வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி" என்று கேட்பதை நான் விட்டேன்.

நம் நாட்டில் பிரச்சினை வேறு மாதிரி. 2019இல் மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் தயாரித்த அறிக்கைப்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்தது என்கிறார். குடிக்கே இந்த நிலைமை என்றால், குடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மனச்சோர்வையும் பதற்றத்தையும் யார் பார்க்கிறார்கள்?

எது முதலில் வந்தது? கவலையால் குடிக்கிறாரா, குடியால் கவலை வந்ததா?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான், பதில் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு மனநோய் முன்னால் வருகிறது. தூக்கம் வராமல், காதில் கேட்கும் குரலைத் தாங்க முடியாமல், நாலு பேர் முன்னால் பேசப் பயந்து குடிக்கத் தொடங்குகிறார்கள். சிலருக்குக் குடியே மனச்சோர்வைக் கொண்டுவருகிறது, ஏனென்றால் மது மூளையை மந்தப்படுத்துகிற பொருள். மாலையில் கவலையை ஆற்றுவது போல ஆற்றிவிட்டு விடியற்காலையில் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்கும். இன்னும் சிலருக்குப் பரம்பரை, சின்ன வயதில் பட்ட அடி போன்ற பொதுவான காரணங்களிலிருந்து இரண்டும் தனித்தனியாக வந்து சேர்ந்துகொள்கின்றன.

குடியால் மட்டும் வந்த மனச்சோர்வு, குடி நின்ற இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் அது தனி நோய் என்று எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்குவார்கள். அதற்காக ஒரு மாதம் சும்மா காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஏற்கெனவே மனநோய் இருந்தது தெரிந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, யாரும் காத்திருக்கக் கூடாது.

எங்களுக்கு இதைத் தெளிவாக்கியது அண்ணன் போட்ட சபரிமலை மாலை. கார்த்திகையில் மாலை போட்டால் ஒரு மண்டலம் ஒரு சொட்டுத் தொட மாட்டார், ஊருக்கே தெரியும். ஒரு வருஷம் மாலை போட்ட மூன்றாம் வாரம் தூக்கமே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கிணற்றடியில் குளியல், தெருவே கேட்கும்படி சரணம், யாரையும் கேட்காமல் வட்டிக்கு வாங்கி அன்னதானத்துக்கு அரிசி மூட்டை. பேச்சு ஓடும், ஒன்று முடியும் முன் இன்னொன்று. நாங்கள் பக்தி என்று நினைத்தோம். சில வருஷம் கழித்து அந்த டாக்டரம்மா, "குடிக்காமல் இருந்த நாட்கள் ஏதாவது உண்டா? அப்போது எப்படி இருந்தார்?" என்று கேட்டபோது மதனி இதைச் சொன்னார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றார். குடியே இல்லாத நாட்களில் அப்படி ஓர் எழுச்சி வந்திருக்கிறது என்றால் அதைக் குடியின் மேல் போட முடியாது. அதுவரை எங்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நீங்களும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்: மாலை, நோன்பு, தவக்காலம், ஜெயில், கால் முறிந்து படுத்தது, எதுவானாலும் சரி, குடிக்காத அந்த வாரங்களில் தூக்கமும் பேச்சும் எப்படி இருந்தன?

"முதலில் குடியை நிறுத்துங்கள், மனநோயை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்களே?

எனக்கு மிகவும் கோபம் வரும் பேச்சு இது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தவனிடம் ஒன்றை நிறுத்திவிட்டு வா என்று சொல்வோமா? தூக்கம் இல்லாமல் மனது ஓடிக்கொண்டிருக்கும்போது குடியை விட முடியாது, குடித்துக்கொண்டே இருந்தால் மனதுக்குக் கொடுக்கிற மாத்திரை பிடிக்காது. ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் 1990களிலேயே இரண்டுக்கும் ஒரே குழு சிகிச்சை கொடுக்கிற முறையை வளர்த்து எடுத்தார்கள். அதன் சாரம் ரொம்பச் சாதாரணமானது: ஒரே டாக்டர், ஒரே கவுன்சிலர், ஒரே ஃபைல். மாத்திரையைப் பற்றிப் பேசுகிறவரே குடியைப் பற்றியும் பேசுவார். குடித்துவிட்டு வந்தால் வெளியே அனுப்ப மாட்டார்கள். ஆள் இன்னும் குடியை விட மனசில்லாமல் இருந்தால் அவரைத் திட்டாமல், முதலில் நம்பிக்கையாகப் பேச வைத்து, வாரம் ஒருமுறையாவது வரவைத்து, அவராகவே "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்லும் இடத்துக்கு மெதுவாகக் கொண்டுவருவார்கள். வேலை, வீடு, கடன் இதெல்லாமும் அந்த ஃபைலில் இருக்கும்.

இங்கே அப்படி முழுதாக அமைந்த இடங்கள் குறைவு. ஆனால் பெரும்பாலான மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, குடியையும் அதே பிரிவில்தான் பார்க்கிறார்கள். பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிமான்ஸில் போதைக்குத் தனிப் பிரிவே உண்டு. ஊரில் ஒரே ஒரு மனநல டாக்டர்தான் இருக்கிறார் என்றாலும் அவரிடமே கேளுங்கள்: "இரண்டையும் நீங்களே பார்ப்பீர்களா?" பார்ப்பேன் என்றால் அவரை விடாதீர்கள்.

சரி, நாளையிலிருந்தே குடியை மொத்தமாக நிறுத்தி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

தினமும் குடிக்கிறவர், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், முன்பு எப்போதாவது ஃபிட்ஸ் வந்தவர் என்றால் தயவுசெய்து வேண்டாம். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குக் குழப்பநிலை வரும், அது உயிருக்கே ஆபத்து. மாலை போட்ட மூன்றாம் நாள் ஃபிட்ஸ் வந்து விழுந்தார், சாமி குத்தம் என்றார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்; பல நேரம் அது திடீரென்று குடி நின்றதால் வந்தது.

அண்ணனுக்கு ஒருமுறை வீட்டிலேயே நிறுத்தினோம். இரண்டாம் நாள் ராத்திரி போர்வையிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளித் தரையில் போட்டுக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றாக, ரொம்பப் பொறுமையாக. "என்ன அண்ணே" என்றேன். "எறும்புடா, கம்பளி பூரா எறும்பு" என்றார். கம்பளியில் ஒன்றும் இல்லை. சட்டை பிழிகிற மாதிரி வேர்வை, நாடி ஓடுகிறது, என்னை இறந்துபோன சித்தப்பா பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். மனநோய் முற்றிவிட்டது என்று நினைத்து விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். அப்படிக் காத்திருந்தது பெரிய தப்பு, அது அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய நேரம்.

ஆஸ்பத்திரியில் நிறுத்தினால் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை கொடுத்து அதைப் படிப்படியாகக் குறைத்து ஒரு வாரம் பத்து நாளில் முடிப்பார்கள், கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் போடுவார்கள். அது முக்கியம். நீண்டநாள் குடித்தவர் உடம்பில் தயமின் வற்றிப்போயிருக்கும். அதைப் போடாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு நினைவே நிரந்தரமாகப் போகலாம். சின்ன கிளினிக்கில் "தெம்புக்கு ஒரு பாட்டில்" ஏற்றும்போது குடிப்பழக்கம் இருப்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

குடித்திருக்கிறாரா, நோயா? எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளியே இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பல வருஷம் ஒருவரைக் குடிகாரராகவே பார்த்துப் பழகிவிட்டால் அவருக்கு எது வந்தாலும் குடியாகத்தான் தெரியும். அண்ணன் குடியை விட்டு எட்டு மாதம் ஆன சமயம், ஒருநாள் மத்தியானம் தள்ளாடிக்கொண்டு வந்தார், நாக்குக் குழறுகிறது, கை நடுங்குகிறது, வாசலில் வாந்தி. நான் கண்டபடி திட்டிவிட்டேன். மதனிதான் பக்கத்தில் போய் வாயை மோந்து பார்த்துவிட்டு "வாடையே இல்லையே" என்றார். ரத்தப் பரிசோதனை செய்ததில், இருமுனைக் கோளாறுக்கு அவர் சாப்பிடுகிற லித்தியம் என்ற மருந்தின் அளவு ஏறியிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு நாள் அவருக்கு வயிற்றுப்போக்கு, தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் ரத்தத்தில் கூடிவிடும். அன்றைக்குத் தூங்கட்டும் என்று விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும், ஆளே போயிருக்கலாம்.

லித்தியம் மட்டும் இல்லை. சாப்பிடாமல் குடிக்கிறவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் இப்படித்தான் இருக்கும். விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்தாலும், சில நாள் கழித்துக்கூட, குடித்தவர் மாதிரிதான் பேசுவார். சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வெறும் குடியாகவே இருந்துவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இன்றைக்குக் குடித்துவிட்டார். ராத்திரி மாத்திரையைக் கொடுக்கவா, வேண்டாமா?

இதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள், ஏனென்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு யாரும் போனை எடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் பதில் வேறு. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற குளோனசெபாம், அல்பிரசோலாம் வகை மதுவோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம், அதுதான் பெரிய ஆபத்து. மற்றபடி நாங்கள் செய்த தப்பு என்னவென்றால், குடித்த நாளெல்லாம் எல்லா மாத்திரையையும் நிறுத்தினோம். வாரத்தில் நாலு நாள் குடி என்றால் நாலு நாள் மருந்து இல்லை, அப்புறம் நோய் எப்படி அடங்கும்? அண்ணனும் இதைக் கண்டுபிடித்துக்கொண்டார், மாத்திரை வேண்டாமென்றால் ஒரு கட்டிங் போதும். பிறகு டாக்டரம்மா எந்த மாத்திரையை எந்த நிலைமையிலும் விடக் கூடாது, எதைக் குடித்த அன்று தவிர்க்க வேண்டும் என்று அட்டையில் பச்சையும் சிவப்புமாக மை வைத்துக் கொடுத்தார்.

அவருக்குத் தெரியாமல் சாம்பாரில், தோசைமாவில் கலந்து கொடுக்கும் மருந்து வந்திருக்கிறதாமே?

பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் யூடியூபிலும் இந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். டைசல்ஃபிரம் என்று ஒரு மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். சிலர் செத்தும் போயிருக்கிறார்கள். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரை அந்த வேகம் உடம்பில் இருக்கும். விஷயம் தெரிந்து, சம்மதித்து, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு சாப்பிடுகிறவருக்கு அது நல்ல துணை. தெரியாமல் கொடுத்தால் அது விஷம் வைப்பது மாதிரிதான், இதில் நான் சமாதானமாகப் பேச விரும்பவில்லை.

குடியும் மனநோயும் சேர்ந்து உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: டைசல்ஃபிரம் சிலருக்கு மனச்சிதைவு மாதிரியான அறிகுறிகளைக் கிளப்பிவிடும். ஏற்கெனவே "என் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்" என்று சந்தேகப்படுகிறவருக்கு நிஜமாகவே கலந்து கொடுத்தீர்கள் என்றால், அதற்கப்புறம் அவர் யார் கையால் மாத்திரை வாங்குவார்? குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் உண்டு, கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

மனநோய் மாத்திரையும் ஒரு போதைதானே? ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதா?

மனச்சோர்வு மாத்திரை, மனச்சிதைவு மாத்திரை, லித்தியம் எதுவும் போதை தராது. டாக்டரைக் கேட்காமல் பட்டென்று நிறுத்தினால் தொந்தரவு வரலாம், அது வேறு விஷயம். பழக்கமாகக் கூடியவை மேலே சொன்ன தூக்க, பதற்ற மாத்திரைகள். அவற்றைக் குறைந்த நாளுக்குத்தான் கொடுக்க வேண்டும், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மறுபடி மறுபடி வாங்கக் கூடாது. பெண்களிடம் இது அதிகம் மறைந்து கிடக்கிறது. வீட்டில் யாரும் அவரைக் குடிகாரர் என்று சொல்லப்போவதில்லை, ஆனால் பத்து வருஷமாக ராத்திரி ஒரு மாத்திரை, அப்புறம் ஒன்றரை, அப்புறம் இரண்டு. கேட்டால் "டாக்டர் கொடுத்ததுதானே" என்பார். அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரும்.

கஞ்சா இயற்கைதானே, அதனால் என்ன?

காலேஜ் பையன்கள் என்னிடமே இதைச் சொல்கிறார்கள். ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுத்த 45,000க்கு மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து வருஷம் தொடர்ந்து பார்த்து 1987இல் வெளியிட்டார்கள்: 18 வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு வந்தது, எடுக்காதவர்களைவிட ஆறு மடங்கு. மற்றக் காரணங்களையும் கணக்கில் எடுத்தபோது அந்த அளவு குறைந்தது, ஆனால் மறையவில்லை. எல்லாருக்கும் வராதுதான். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால், சின்ன வயதிலேயே தொடங்கியிருந்தால் ஆபத்து கூடுதல். ஏற்கெனவே நோய் உள்ளவர் கஞ்சாவைத் தொடர்ந்தால் திரும்பத் திரும்ப அட்மிட் ஆகிறார்கள்.

பீடி சிகரெட்டையாவது பிடிக்க விட்டுவிடுவோமா? பாவம், அது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு ஓலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும், அதனால் புகைக்கிறவருக்கு மருந்து அதிகம் தேவைப்படும். இதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: புகையைத் திடீரென்று நிறுத்தினால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடிவிடும். வார்டில் ஒரு வாரம் பீடி இல்லாமல் இருந்தவர் மயங்கி மயங்கி விழுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். விடட்டும், நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு விடட்டும்.

மறுவாழ்வு மையத்தில் சேர்க்கலாமா? எதைப் பார்த்து நம்புவது?

நல்ல மையங்கள் இருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை நாட்டுக்கே முன்மாதிரியாக இருந்தது. ஆனால் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, வெளிக்கதவைப் பூட்டி, போன மாதம் குடியை விட்டவரை வார்டனாக வைத்து நடத்துகிற இடங்களும் இருக்கின்றன. அண்ணன் இருந்த ஓர் இடத்தில் அவருடைய லித்தியத்தை "இங்கே எந்த மாத்திரையும் கிடையாது, மன உறுதிதான் மருந்து" என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டார்கள். பதினோராம் நாள் அவர் தூங்காமல் கத்த ஆரம்பித்ததும் ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறார்கள். மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் இறந்துபோனார்கள். நம்மைப் போன்ற குடும்பங்கள் கொண்டுபோய் விட்டவர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. குடி, போதை சம்பந்தமான மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற விளக்கத்துக்குள் அதே சட்டம் கொண்டுவருகிறது. அதனால் இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துச் சிகிச்சை தருகிற இடம் அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

போய்க் கேளுங்கள்: பதிவுச் சான்று எங்கே? மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார்? ராத்திரி ஃபிட்ஸ் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள்? மனநோய் மாத்திரை தொடருமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை நாங்கள் பார்க்கலாம்? "மூன்று மாதம் பார்க்கவே கூடாது" என்றால் அங்கே விடாதீர்கள். சமையலறைக்கும் கழிவறைக்கும் நடந்து பாருங்கள், அனுமதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

வர மாட்டேன் என்கிறார். வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போகலாமா?

வேனில் நாலு பேர் வந்து அமுக்கித் தூக்கிப்போகிற ஏற்பாட்டுக்குப் பணம் வாங்குகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். சட்டத்தில் வழி இருக்கிறது. தன்னையோ பிறரையோ காயப்படுத்துகிற நிலை, தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாமல் ஆபத்தில் இருக்கிற நிலை என்றால், அவர் சார்பில் முடிவெடுக்க உரிமை உள்ள பிரதிநிதி விண்ணப்பித்து, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டால், 30 நாள் வரை உள்நோயாளியாக வைத்துச் சிகிச்சை தரலாம். அந்த நிலை இல்லாதபோது பேசித்தான் கூட்டிப்போக வேண்டும். "குடிக்கு வா" என்றால் வராதவர் "தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்றால் வருவார். அண்ணன் அப்படித்தான் வந்தார். அது பொய்யும் இல்லை, அவர் தூங்கவே இல்லை.

ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அமைப்பு) கூட்டத்துக்குப் போனால் போதாதா?

போகட்டும், அவசியம் போகட்டும். தன்னைப் போலவே விழுந்து எழுந்தவர்கள் கூட உட்காருவதற்கு ஈடாக எந்த மாத்திரையும் கிடையாது, அதுவும் காசில்லாமல். ஆனால் கூட்டத்தில் யாராவது ஒருவர், நல்ல மனதோடுதான், "நீ இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாய், அதுவும் போதைதான்" என்று சொல்லிவிடுவார். அது அந்த அமைப்பின் கொள்கை இல்லை. உறுப்பினர்கள் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று அவர்களே வெளியீடு போட்டிருக்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு அல்-அனான் கூட்டம் தனியாக நடக்கும்.

செலவு? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டும் மாத்திரையும் இலவசம். இன்ஷூரன்ஸில், மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே மாதிரி காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் பல பாலிசிகளில் குடி, போதைக்கான சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கும். இருமுனைக் கோளாறுக்காக அட்மிட் ஆனவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் குடி என்ற ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் மறுப்பதுண்டு. முதன்மையாக எந்த நோய்க்கு அட்மிட் செய்தார்கள் என்று டாக்டரிடம் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள்.

செத்துப்போகிறேன் என்று குடித்துவிட்டுப் பேசுகிறார். போதையில் பேசுவதுதானே?

இல்லை. போதையில் தடுக்கிற புத்தி தளர்ந்திருக்கும், மனச்சோர்வு உள்ளவருக்கு அந்த ஒரு மணி நேரம் மிகவும் ஆபத்தானது. தனியாக விடாதீர்கள், நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். எங்கள் பக்கம் வயல் உள்ள வீடுகளில் பூச்சிமருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும், அதை இன்றைக்கே வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வையுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டிய மாத்திரைகளை மட்டும் வெளியே வையுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும், தமிழில் பேசலாம், காசில்லை. ஏதாவது செய்துகொண்டால் 108. போலீஸ் கேஸாகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது.

இவ்வளவும் செய்து, மறுபடி குடித்துவிட்டால்?

அண்ணன் மூன்று தடவை குடித்தார். முதல் தடவை நாங்கள் வீடே இடிந்த மாதிரி அழுதோம், அந்த அழுகையைப் பார்த்தே அவர் இன்னும் நாலு நாள் குடித்தார். மூன்றாம் தடவை மதனி நோட்டை எடுத்தார். தூக்கத்தை மட்டும் எழுதி வைக்கிற நாற்பது பக்க நோட்டு அது. ஏழு, ஏழு, ஆறரை, ஐந்து, நாலு, மூன்று, அதற்கு அடுத்த நாள்தான் குடி. முன்னால் எழுச்சி தொடங்கிவிட்டது, குடி பின்னால் வந்திருக்கிறது. டாக்டரம்மாவிடம் காட்டியதும் மாத்திரையை மாற்றினார், இப்போது தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இரண்டு நாள் போனாலே போன் செய்துவிட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். அண்ணனும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

முதல் தடவை டாக்டரிடம் போகும்போது எதைக் கொண்டுபோக வேண்டும்?

பழைய சீட்டுகள் எல்லாம், கிழிந்ததும் சேர்த்து. இப்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள், நாட்டுமருந்துப் பொடி இருந்தால் அதுவும். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்ற உண்மையான கணக்கு. "எப்போதாவது" என்று சொல்லிவிட்டால் நடுக்கத்துக்கான மருந்தைக் குறைத்துப் போட்டுவிடுவார்கள். குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது, சும்மா "கொஞ்சம் ஒரு மாதிரி இருப்பார்" என்று சொல்லப்பட்ட தாத்தாவையும் சேர்த்து. குடிக்காமல் இருந்த நாட்களைப் பற்றி நான் மேலே கேட்டேனே, அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், உள்ளே போனால் இரண்டு நிமிஷம்தான் கிடைக்கும். திங்கட்கிழமை கூட்டம் அதிகம், புதன் அல்லது வியாழன் காலையில் ஏழரைக்கே போய்ச் சீட்டுப் போட்டுவிடுங்கள், அவருக்கு மட்டும் வெறும் வயிறாக இல்லாமல் இரண்டு இட்லியாவது கொடுத்துவிட்டு.